பாதுகாப்பு பட்ஜெட்டைப் படித்து ஆர்டர் பிடிப்பது எப்படி? சிறு பட்டறைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிப்ரவரி 1-ம் தேதி மத்திய பட்ஜெட் வந்ததும் பாதுகாப்புத் துறைக்கு இத்தனை லட்சம் கோடி என்று ஓர் எண் எல்லாச் செய்திகளிலும் ஓடும். 2025-26-க்கு அது 6.81 லட்சம் கோடி ரூபாய். கோவையிலோ ஓசூரிலோ நாலு சி.என்.சி. மெஷின் வைத்து ஓட்டுபவருக்கு அந்த எண்ணை வைத்துச் செய்ய எதுவுமில்லை. ஆனால் அதே பட்ஜெட் தாள்களில் இன்னும் இரண்டு மூன்று படி இறங்கிப் பார்த்தால், அடுத்த ஐந்தாறு வருடத்துக்கு யார் எதை வாங்கப் போகிறார்கள், அதில் நம் மெஷினில் ஓடக்கூடிய பாகம் எது, அதை யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பது வரை கண்டுபிடித்துவிடலாம். செய்து பார்ப்பவர்கள் குறைவு. டெண்டர் தளத்தைத் தினமும் திறந்து பார்த்து, கண்ணில் பட்டதற்கெல்லாம் கொட்டேஷன் போட்டு, ஒரு வருடத்தில் சலித்துப் போய் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கும், இனிமேல் தொடங்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள்

அந்த 6.81 லட்சம் கோடியில் ஓய்வூதியம் மட்டும் 1.60 லட்சம் கோடி. சம்பளமும் படியும் அதைவிடப் பெரிய பங்கு. இவை இரண்டையும் தள்ளிவிடுங்கள், நமக்கு அங்கே வேலை இல்லை. மிச்சத்தில் நாம் பார்க்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, மூலதனச் செலவு: 1.80 லட்சம் கோடி. விமானம், கப்பல், பீரங்கி, ரேடார் எல்லாம் இதில்தான் வரும். இதில் நவீனமயமாக்கலுக்கு ஒதுக்கியது சுமார் 1.48 லட்சம் கோடி, அதில் முக்கால் பங்கு, அதாவது 1,11,544 கோடி, உள்நாட்டில் வாங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்த உள்நாட்டுப் பங்கிலும் கால் பகுதி தனியார் நிறுவனங்களுக்கு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: மூலதனப் பணத்தில் பெரும் பகுதி ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களுக்குத் தவணை கட்டவே போய்விடும். இந்த வருட ஒதுக்கீடு கூடியிருக்கிறது என்றால் புது ஆர்டர் கூடும் என்று அர்த்தமில்லை, மூன்று வருடத்துக்கு முன் போட்ட ஆர்டரின் தவணை கூடியிருக்கலாம்.

இரண்டாவது, சம்பளம் போக மிச்சமுள்ள வருவாய்ச் செலவு. 2025-26-ல் இது 1,14,415 கோடி. உதிரிபாகம், பழுதுபார்ப்பு, உடுப்பு, கூடாரம், உணவு, எரிபொருள், வெடிபொருள் எல்லாம் இதில் அடங்கும். செய்திகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் இதில் போர் விமானம் இல்லை. ஆனால் சிறு நிறுவனம் நேரடியாக நுழையக்கூடிய கதவு பெரும்பாலும் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு ஒரு புஷ், ஒரு சீல், ஒரு ஹோஸ், ஒரு பிராக்கெட் என்று வருடா வருடம் தேவை இருந்துகொண்டே இருக்கும், ஒருமுறை தேறிவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

இந்த விவரங்களைப் பார்க்க மானியக் கோரிக்கைத் தாள்களை, அதாவது ஒவ்வொரு துறையும் நாடாளுமன்றத்திடம் பணம் கேட்டு வைக்கும் கணக்குத் தாள்களை, இறக்கிக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்கு 19 முதல் 22 வரையிலான கோரிக்கைகள். 20 வருவாய், 21 மூலதனம், இந்த இரண்டு போதும். 2025-26 மூலதனத் தாளில் விமானம் மற்றும் என்ஜின்களுக்கு 48,614 கோடி, கடற்படைக் கப்பல்களுக்கு 24,390 கோடி என்று தலைப்பு வாரியாகப் பிரித்திருப்பார்கள். ஒரே வருடத்தைப் பார்க்காமல் மூன்று வருடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று மூன்று எண்கள் இருக்கும், ஒரு தலைப்பில் ஒதுக்கியதைவிடச் செலவு தொடர்ந்து கூடிக்கொண்டே போனால் அங்கே உண்மையிலேயே தேவை இருக்கிறது. அதற்கப்புறம், பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இந்தக் கோரிக்கைகளைப் பற்றி வருடந்தோறும் தரும் அறிக்கையையும் தேடிப் படியுங்கள். படைகள் எவ்வளவு கேட்டன, எவ்வளவு கிடைத்தது, எந்தக் குறை பற்றி உறுப்பினர்கள் கேள்வி கேட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இலவசமாகக் கிடைக்கிற தாள்களில் இவ்வளவு பயனுள்ளது வேறு இல்லை.

தலைப்பிலிருந்து ஒப்பந்தத்துக்கு, ஒப்பந்தத்திலிருந்து பாகத்துக்கு

பட்ஜெட் திசையைத்தான் காட்டும். அடுத்து பார்க்க வேண்டியது கையெழுத்தான ஒப்பந்தங்கள். பாதுகாப்பு அமைச்சகம் பெரிய ஒப்பந்தம் ஒவ்வொன்றுக்கும் செய்திக்குறிப்பு வெளியிடும். 2024-25-ல் மட்டும் 193 ஒப்பந்தங்கள், மதிப்பு 2.09 லட்சம் கோடிக்கு மேல், அதில் 177 உள்நாட்டு நிறுவனங்களுக்கு. இந்தக் குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: என்ன பொருள், எத்தனை, யார் செய்கிறார்கள், எப்போதிலிருந்து எப்போது வரை டெலிவரி.

ஒன்றை எடுத்துப் பார்ப்போம். 2025 செப்டம்பரில் 97 தேஜஸ் எம்.கே.1ஏ போர் விமானங்களுக்கு, அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல்.-உடன் 62,370 கோடிக்கு ஒப்பந்தம் ஆனது. டெலிவரி 2027-28-ல் தொடங்கி ஆறு வருடம். அதற்கு முன் 2021-ல் போட்ட 83 விமான ஆர்டரும் இருக்கிறது. ஆக, 2030-களின் தொடக்கம் வரை இந்த விமானத்துக்குப் பாகம் தேவை என்பது உறுதி. நேரடியாகப் பாகங்கள் செய்யும் இந்திய நிறுவனங்கள் சுமார் 105 என்று அந்தக் குறிப்பிலேயே இருந்தது. நீங்கள் எச்.ஏ.எல். வாசலில் போய் நிற்க வேண்டாம், அந்த 105 பேரில் யார் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று தேடுங்கள். இறக்கைப் பகுதி எல் அண்ட் டி-யின் கோவை ஆலையில் செய்யப்படுகிறது, காற்று உள்வாங்கும் பகுதியை எல்.எம்.டபிள்யூ. செய்கிறது, அதுவும் கோவைதான். அப்படிப்பட்ட பெரிய நிறுவனங்கள் பிராக்கெட், ஃபிக்ஸர், கேஜ், ஷீட் மெட்டல் வேலை, டூலிங் என்று எவ்வளவோ வெளியே கொடுக்கின்றன. டூலிங்கில் நுழைவது பாகத்தில் நுழைவதைவிட எளிது, ஏனென்றால் பறக்கும் பாகத்துக்குத் தேவைப்படும் விமானத் தகுதிச் சான்று அதற்குத் தேவையில்லை.

இதே மாதிரி 2025 மார்ச்சில் 156 பிரசண்ட் ஹெலிகாப்டர்களுக்கு 62,700 கோடி ஒப்பந்தம் போட்டார்கள். 250-க்கும் மேற்பட்ட உள்நாட்டு நிறுவனங்கள், பெரும்பாலும் சிறு குறு நிறுவனங்கள், அதில் பங்கெடுக்கும் என்று அறிவிப்பிலேயே சொன்னார்கள். தயாரிப்பு பெங்களூரிலும் தும்கூரிலும். ஓசூர்க்காரர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு என்ன வேண்டும். அதே மாதத்தில் 307 ஏட்டாக்ஸ் பீரங்கிகளுக்கும் இழுவை வண்டிகளுக்கும் சுமார் 6,900 கோடி, பாரத் ஃபோர்ஜும் டாடா அட்வான்ஸ்டு சிஸ்டம்ஸும் பங்கிட்டுக்கொண்டன.

திடீர்த் தேவைகளையும் கவனியுங்கள். 2025 மே மாத மோதலுக்குப் பிறகு, ஜூன் 24-ல் அவசரக் கொள்முதலாக 13 ஒப்பந்தங்கள், 1,981.90 கோடி, என்று அறிவித்தார்கள். பட்டியலில் ட்ரோன் கண்டறியும் கருவி, இலகு ரேடார், தோட்டா துளைக்காத உடுப்பு, தலைக்கவசம், துப்பாக்கிக்கான இரவு சைட் எல்லாம் இருந்தன. இப்படி ஒரு பட்டியல் வந்தால் அடுத்த சில வருடப் பட்ஜெட்டும் அந்தப் பக்கம்தான் சாயும் என்று எடுத்துக்கொள்ளலாம். நீண்டகால நோக்கில் படைகளுக்கு என்னென்ன வேண்டும் என்று 15 வருடத்துக்கான ஒரு தொழில்நுட்பத் திட்டவரைவும் 2025 செப்டம்பரில் பொதுவில் வெளியானது, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றே ஒன்று

சிருஜன் என்று ஒரு தளம் இருக்கிறது, 2020 ஆகஸ்டில் தொடங்கியது. இதுவரை வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த பாகங்களை, இங்கே யாராவது செய்ய முடியுமா என்று பொதுத்துறை நிறுவனங்களும் படைகளும் பட்டியலிட்டு வைக்கும் இடம். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள். தேதி வைத்து இறக்குமதியை நிறுத்தும் பட்டியல்களும் தனியாக இருக்கின்றன. ஒரு பொருள் அந்தப் பட்டியலில் இருந்து, அது போகும் வண்டிக்கோ விமானத்துக்கோ பட்ஜெட்டில் பணமும் இருந்தால், அதைத்தான் தேட வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் அதில் இறங்காதீர்கள். பட்டியலில் பெயர் இருந்தும் வருடத்துக்கு ஆறு பீஸ் மட்டுமே தேவைப்படும் பொருட்கள் எக்கச்சக்கம் உண்டு.

பொருளைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்விகள்: வருடத்துக்கு எத்தனை? ட்ராயிங் கொடுப்பார்களா, மாதிரியை வைத்து நாமே வரைய வேண்டுமா? மெட்டீரியல் இந்தியாவில் சின்ன அளவில் கிடைக்குமா, ஒரு டன் வாங்கினால்தான் தருவார்களா? ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங் போன்ற வேலையை அங்கீகாரம் பெற்ற எந்தக் கடையில் செய்ய வேண்டும்? சோதனைச் செலவு யாருடையது? மூன்றாவது கேள்வியிலேயே பாதிப் பொருட்கள் கழிந்துவிடும். கழியட்டும், அதற்காகத்தான் கேட்கிறோம்.

தமிழ்நாட்டில் இருந்தால் ஆவடியைச் சுற்றி டாங்கித் தொழிற்சாலை, என்ஜின் தொழிற்சாலை, உடுப்புத் தொழிற்சாலை, திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை, அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, சூலூரில் விமானப் படையின் பழுதுபார்ப்பு டிப்போ என்று வாங்குபவர்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பழைய ஆர்டினன்ஸ் தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் 1 முதல் ஏழு தனி நிறுவனங்கள் ஆகிவிட்டன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வெண்டார் பதிவு. துணித் தொழிலில் இருப்பவர்களும் இதை லேத் மெஷின்காரர்கள் விஷயம் என்று நினைத்து ஒதுங்க வேண்டாம், கடுங்குளிர் உடுப்பும் கூடாரத் துணியும் வாங்கப் பட்ஜெட்டில் ஒவ்வொரு வருடமும் பணம் உண்டு.

காகித வேலை

இதை நீட்ட விரும்பவில்லை. உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவு, இலவசம். பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் தராதீர்கள். 2025 ஏப்ரல் முதல் வரம்புகள் கூடிவிட்டன: குறு நிறுவனம் என்றால் விற்றுமுதல் 10 கோடி வரை, சிறு நிறுவனம் 100 கோடி வரை. உத்யமில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் தொழில் குறியீடு நீங்கள் செய்யும் பொருளோடு பொருந்த வேண்டும், உற்பத்தி என்று இருக்க வேண்டும், வணிகம் என்று போட்டிருந்தால் டெண்டரில் சலுகை கிடைக்காது. அப்புறம் டிஜிட்டல் கையொப்பம், அரசு கொள்முதலுக்கான ஆன்லைன் சந்தையான ஜெம் தளத்தில் பதிவு, பாதுகாப்புக் கொள்முதல் தளத்தில் பதிவு, உங்களுக்குத் தேவையான இரண்டு மூன்று பொதுத்துறை நிறுவனங்களில் வெண்டார் பதிவு. எல்லாவற்றிலும் போய்ப் பதிய வேண்டாம்.

உதிரிபாகங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தொழில் உரிமம் தேவையில்லை. ஆயுதம், வெடிபொருள் பக்கம் போனால் கதையே வேறு, முதல் வருடத்தில் அங்கே போகாதீர்கள்.

வெண்டார் பதிவு ஏன் முக்கியம் என்றால், 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாதுகாப்புக் கொள்முதல் கையேட்டின்படி 50 லட்சம் வரையிலான கொள்முதலுக்கு வரையறுக்கப்பட்ட டெண்டர் விடலாம். அதாவது தெரிந்த, பதிவான நிறுவனங்களுக்கு மட்டும் விசாரணை அனுப்புவார்கள். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அப்படி ஒரு டெண்டர் வந்ததே தெரியாமல் போகும்.

டெண்டரில் உங்கள் பக்கம் இருக்கும் விதிகள்

2012-ன் பொதுக் கொள்முதல் கொள்கைப்படி மத்திய அரசு நிறுவனங்கள் வருடக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும்; அதற்குள் எஸ்.சி., எஸ்.டி. உரிமையாளர்களுக்கு 4, பெண்களுக்கு 3 சதவீதம். டெண்டரோடு கட்டும் முன்பணம், அதான் ஈ.எம்.டி., நீங்கள் கட்ட வேண்டாம். எல்1, அதாவது குறைந்த விலை போட்டவர், ஒரு பெரிய நிறுவனமாக இருந்து உங்கள் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், எல்1 விலைக்கு இறங்கிவந்து ஒரு பங்கு ஆர்டரை எடுத்துக்கொள்ளலாம். அந்த விலைக்குக் கட்டுமா என்று முன்னாலேயே கணக்குப் போட்டு வையுங்கள், கேட்கும்போது யோசிக்க நேரம் இருக்காது. ஆர்டர் கிடைத்தபின் கொடுக்க வேண்டிய செயல்திறன் உத்தரவாதத்துக்கு இந்த விலக்கு இல்லை, ஆர்டர் மதிப்பில் 3 முதல் 5 சதவீதம் முடங்கும்.

தாமத அபராதத்தைச் சரியாகப் படியுங்கள். புதிய கையேடு இதில் தளர்வு கொடுத்திருக்கிறது: உள்நாட்டில் புதிதாக உருவாக்கும் பொருட்களுக்கு வாரத்துக்கு 0.1 சதவீதம், மற்றவற்றுக்கு 0.5. மாதிரி உருவாக்கும் காலத்தில் அபராதமே இல்லை. உருவாக்கிக் கொடுத்தவருக்கு ஐந்து வருடம் வரை ஆர்டர் உறுதி தரவும் வழி செய்திருக்கிறது. இப்படி ஓர் உறுதி கிடைக்குமா என்று டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலேயே எழுத்தில் கேளுங்கள், அச்சும் கேஜும் செய்யப் போகும் பணம் அதை நம்பித்தான்.

உள்நாட்டு மதிப்பு, அதாவது பொருளின் விலையில் இந்தியாவிலேயே உருவான பங்கு, எவ்வளவு என்று சான்று தர வேண்டியிருக்கும். 50 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் வகுப்பு உள்நாட்டுச் சப்ளையர். மின்னணுப் பொருள் செய்பவர்கள் இந்த இடத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் 400 ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களை சீனப் பாகங்கள் காரணமாக ராணுவம் ரத்து செய்தது. மோட்டார், கேமரா, ஃப்ளைட் கன்ட்ரோலர், அதில் உள்ள சிப் வரை எங்கிருந்து வந்தது என்று பில்லோடு காட்ட முடியாதவர் அந்தப் பக்கம் போகக் கூடாது.

முதல் ஆர்டரை நேரடியாக எடுக்காதீர்கள்

இது என் தனிப்பட்ட பரிந்துரை, இதில் எதிர்க்கருத்து உள்ளவர்களும் உண்டு. முதல் ஒன்றிரண்டு வருடம் ஒரு பெரிய வெண்டாருக்குக் கீழே துணை ஒப்பந்தம் செய்யுங்கள். லாபம் குறைவுதான். ஆனால் பாதுகாப்புத் துறையின் தர ஆவணப் பழக்கம் வாகன உதிரிபாகப் பழக்கத்திலிருந்து மாறுபட்டது, அதை யாருடைய செலவிலாவது கற்றுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பீஸும் எந்தக் கம்பியிலிருந்து வெட்டப்பட்டது, அந்தக் கம்பியின் ஹீட் நம்பர் என்ன, எந்த லேப் சோதித்தது, யார் அளந்தார், அளந்த மைக்ரோமீட்டர் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்பது வரை கேட்பார்கள். அளவு கச்சிதமாக இருந்தும் காகிதம் இல்லாததால் திரும்பி வரும் லாட்டுகள் நிறைய. விமானப் பாகம் என்றால் விமானத் துறைக்கான தரச் சான்றான ஏ.எஸ். 9100 கேட்பார்கள். தரைப்படைப் பொருட்களுக்குப் பல நேரம் ஐ.எஸ்.ஓ. 9001 போதும். ஆர்டர் கையில் இல்லாமல் பெரிய சான்றுக்குப் பணம் கட்டாதீர்கள்.

சொந்தமாகப் புதுப் பொருள் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2018 ஏப்ரலில் சென்னைக்குப் பக்கத்தில் திருவிடந்தையில் நடந்த கண்காட்சியில் ஐடெக்ஸ் திட்டம் தொடங்கப்பட்டது. படைகள் ஒரு சிக்கலைச் சொல்லும், தீர்வு உருவாக்க 1.5 கோடி வரை மானியம், பிரைம் பிரிவில் 10 கோடி வரை, அதிதி திட்டத்தில் 25 கோடி வரை. செலவில் பாதியை நீங்கள் போட வேண்டும். பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் தொழில்நுட்ப வளர்ச்சி நிதி 50 கோடி வரையிலான திட்டங்களுக்கு 90 சதவீதம் வரை தருகிறது. கோவையில் சிறு தொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்பு இன்குபேஷன் மையம் விண்ணப்பம் எழுத உதவும். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்ற ஐந்து முனைகள் கொண்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தமிழக அரசு நிறுவனமான டிட்கோ கவனிக்கிறது, நிலம், சோதனை வசதி பற்றி அங்கே கேட்கலாம்.

பணமும் காலண்டரும்

ஏப்ரலில் புது நிதியாண்டு தொடங்கியதும் எது வேண்டும் என்ற கொள்முதல் கோரிக்கைகள் எழுதப்படும், டெண்டர்கள் அதைத் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். டிசம்பர், ஜனவரியில் திருத்திய மதிப்பீடு. மார்ச் 31-க்குள் செலவழிக்காத பணம் கைவிட்டுப் போகும் என்பதால் கடைசி மூன்று மாதம் எல்லாரும் அவசரப்படுவார்கள். அப்போது கையில் மெட்டீரியல் வைத்திருப்பவருக்குச் சின்ன ஆர்டர்கள் கிடைக்கும். ஆனால் இன்ஸ்பெக்ஷனுக்கும் அதே நேரத்தில்தான் கூட்டம், அதனால் பிப்ரவரி நடுவிலேயே சரக்கை இன்ஸ்பெக்ஷனுக்குக் கொடுத்துவிடுகிற மாதிரி திட்டமிடுங்கள்.

நடைமுறை மூலதனம் இல்லாமல்தான் நல்ல பட்டறைகள் இதில் மூச்சுத் திணறுகின்றன. சட்டப்படி உங்களுக்குச் சரக்கு ஏற்கப்பட்ட 45 நாளுக்குள் பணம் வர வேண்டும், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க உரிமை உண்டு. கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று பயந்து யாரும் கேட்பதில்லை, அந்தப் பயம் நியாயமானதுதான், அதனால் முதலில் வேறு வழியைப் பாருங்கள்: 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் டிரெட்ஸ் தளங்களில் சேர்ந்திருக்க வேண்டும், அவர்கள் ஏற்றுக்கொண்ட உங்கள் பில்லை அங்கே வங்கிகளுக்கு விற்றுச் சில நாளில் பணம் எடுக்கலாம். கொட்டேஷன் கொடுக்கும் முன்பே, பில்லை டிரெட்ஸில் ஏற்றுக்கொள்வீர்களா என்று வாங்குபவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் நடக்காமல், பணமும் மாதக்கணக்கில் வராமல் இருந்தால் சிறு தொழில் அமைச்சகத்தின் தாமதப் பணத்துக்கான புகார் தளத்தில் புகார் கொடுங்கள், உத்யம் எண்ணையும் ஆர்டரையும் பில்லையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடைத்தரகர் ஒருவர் வந்து, உள்ளே ஆள் இருக்கிறது, இத்தனை சதவீதம் கொடுத்தால் ஆர்டர் வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கமிஷன் கொடுத்தது தெரிந்தால் ஆர்டர் போவதோடு நிற்காது, நிறுவனத்தையே தடைப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் டெண்டரில் பெயர் போட்டிருக்கும் கொள்முதல் அதிகாரிக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், அல்லது சென்னை, கோவையில் இருக்கும் சிறு தொழில் வளர்ச்சி அலுவலகத்துக்கு நேரில் போங்கள். வெண்டார் மேம்பாட்டு நிகழ்ச்சி எப்போது, எந்தப் பொதுத்துறை நிறுவனம் வருகிறது என்று கேட்டு, உங்கள் மெஷின் பட்டியலையும் செய்த இரண்டு மாதிரிப் பாகங்களையும் எடுத்துக்கொண்டு அங்கே போய் நில்லுங்கள்.